திருத்தத்துக்கு ஒரு திருத்தம்

காவல் நிலையம்,
ஸ்டோர்ஹாவ்ன் துறைமுகம், நார்வே.
3 டிசம்பர் 1888, திங்கட்கிழமை.

‘கிராக்டேல் தூதன்’ வாரப் பத்திரிகையின் ஆசிரியரும், என் மனைவியின் மூத்த சகோதரரும், இருபத்திரண்டு வருடங்களாக ஞாயிறுதோறும் என் வீட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் பங்கு மாட்டிறைச்சியையும் சேர்த்துச் சாப்பிட்டு வருபவருமான திரு. ஜேபஸ் கிரிம்ஷா அவர்களுக்கு, மைத்துனர் ஆம்புரோஸ் விக்கட் மரியாதையுடன் எழுதுவது.

இங்கு நான் நலம். அதாவது, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். அங்கு உங்கள் மூட்டுவலி, என் மனைவி டோர்காஸ், மகள் கெசையா, சபைப் போதகர், உங்கள் அச்சு இயந்திரம் எல்லோரும் நலமா? கடைசியாகச் சொன்னது மட்டும் நலமாக இல்லையென்றால் நான் வருத்தப்பட மாட்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் இந்த இலையுதிர் காலம் முழுக்கப் பெண்களைக் கொன்றுபோட்டுவிட்டு அகப்படாமல் திரிகிறானே ஒருவன், அவன் நான்தான் என்று சொல்லி என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டது. ‘கொலைகாரன் ஜெர்மனியில் சிக்கினான்: அமெரிக்க மருத்துவர் என்று தெரிகிறது’ என்று போட்டீர்களே, அந்த அமெரிக்க மருத்துவர் நான். ‘கொலைகாரன் டென்மார்க்கில் சிக்கினான்: போர்த்துக்கீசிய மாலுமி’ என்று அடுத்த வாரம் போட்டீர்களே, அந்த மாலுமியும் நான். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவனை மாலுமி என்று போட்ட ஒரே பத்திரிகை உங்களுடையதுதான். வெளிநாடுகளில் இதுவரை பதினோரு பேர் கைதானதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று கேள்வி. அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் நான் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும். நான் எடுத்துக்கொண்டு புறப்பட்ட சரக்கு, துணிக்குச் சேதமில்லாமல் தையலை மட்டும் பிரித்தெடுக்கிற ஒரு சின்னக் கருவி. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. நுனியில் இரண்டாகப் பிளந்த முள், நடுவில் ஒரு சின்னக் கூர்மை, அவ்வளவுதான். நம் ஊர்ப் பட்டறைக்காரர், கிராக்டேல் என்றால் வெளிநாட்டுக்காரன் மதிக்க மாட்டான் என்று, போன வசந்த காலத்திலேயே தகரப் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் ‘லண்டன் கிழிப்பான்’ என்று பெயர் அடித்து வைத்துவிட்டார். அக்டோபரில் நீங்களும் உங்கள் சகோதரப் பத்திரிகைகளும் அந்தக் கொலைகாரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதேதான். பெட்டியில் பெயரை மாற்றி எழுத நேரமில்லை, கப்பல் புறப்படுகிறது என்றார் பட்டறைக்காரர். நான் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன். கிளம்புகிற நேரத்தில் உங்கள் தங்கை வாசலில் நின்று வழியனுப்பிய விதத்தையும் கேளுங்கள்.

“உள்ளூர்லயே இதுவரைக்கும் ஒண்ணையும் கிழிக்கல. கடல் தாண்டிப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?”

“பாத்துக்கிட்டே இரு. நான் கிழிக்கிற கிழியில ஐரோப்பாவே என்னைப் பத்திப் பேசும்!” என்றேன் நான், ரோஷத்தில். பேசுகிறது, மச்சான். ஐரோப்பாவே பேசுகிறது.

ஜெர்மனியின் வடகரையில் ஒரு ஊர். விடுதியில் தங்க வேண்டுமென்றால் முதலில் போலீசுக்கு ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். தொழில் என்ற இடத்தில், விற்பனையாளன் என்பதற்கு ஜெர்மன் சொல் தெரியாததால், அகராதியை வைத்துப் பெட்டியின் மேலிருந்த பெயரை அப்படியே மொழிபெயர்த்து அழகாக எழுதிவிட்டேன். விடுதிக்கார அம்மாள் அதைப் படித்தாள். கையிலிருந்த சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “செத்த இருங்க, ரொட்டி எடுத்துட்டு வரேன்” என்று போனவள் நான்கு போலீஸ்காரர்களோடு வந்தாள். அதில் ஒருவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

“இதுதான் உங்க தொழிலா?”

“ஆமா ஐயா. நல்லா நடக்குது.”

“இங்க எத்தனை ஆச்சு?”

“இங்க இன்னும் கை வைக்கல. இன்னிக்குத்தானே வந்தேன். ஆனா போன மாசம் எங்க பக்கம் மட்டும் நாப்பது டஜன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கழித்துப் பட்டறையிலிருந்து தந்தி வந்த பிறகுதான் என்னை வெளியே விட்டார்கள். டென்மார்க்கில் அவ்வளவு பேச்சுகூட நடக்கவில்லை. சுங்கச் சாவடிக்காரர் பெட்டியின் மேல் இருந்ததை வாசித்தார், பிறகு என் முகத்தை வாசித்தார், பிறகு விசில் ஊதினார். அங்கே இரண்டு நாள். விடுகிறபோது, இனிமேல் வம்பு வேண்டாம் என்று அவர்களே பெட்டியின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் பெயரைச் சுரண்டிய பெட்டியோடு ஊர் ஊராகத் திரிகிறவனை உலகம் எப்படிப் பார்க்கும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். உலகத்தில் தப்பு நடப்பதுதான். ஆனால் இந்த மூன்றாவது கைது இருக்கிறதே, இதற்கு ஜெர்மன்காரனையும் குறை சொல்ல முடியாது, டேனிஷ்காரனையும் குறை சொல்ல முடியாது. இது முழுக்க முழுக்க நம் குடும்பத்துக்குள்ளேயே தயாரானது.

போன வெள்ளிக்கிழமை ஸ்டோர்ஹாவ்னில் வந்து இறங்கினேன். தபால் ஆபீசில் எனக்கு ஒரு பார்சல் காத்திருந்தது. டோர்காஸ் அனுப்பிய ஓட்ஸ் இஞ்சி கேக். வெளிநாட்டுப் பார்சல் என்பதால் கண்ணெதிரே பிரித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். பிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தன் கடிதங்களை வாங்கிப் போக வந்திருந்தார் திரு. லாரிட்ஸ் பூகே. ஹெர்ரிங் மீன் ஏற்றுமதி செய்கிறவர், அதோடு இந்த ஊரில் நம் அரசாங்கத்துக்குத் துணைத் தூதரும் அவர்தான். நம் பாஷை நன்றாக வாசிப்பார். கேக் சுற்றியிருந்த தாளை ஆசையாகக் கையில் எடுத்தார். உங்கள் பத்திரிகை, மச்சான். நவம்பர் 22-ஆம் தேதி இதழ், முதல் பக்கம்.

அதில் நீங்கள் எழுதியிருந்ததை இந்த நான்கு நாளில் எனக்கு ஏழு தடவை வாசித்துக் காட்டிவிட்டார்கள், மனப்பாடமே ஆகிவிட்டது. ‘ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் பிடிபட்டு விடுவிக்கப்பட்டவன் ஒரே ஆள் என்று நம் நிருபர் ஐயுறுகிறார். செம்பட்டை மீசை. இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்தது. பழுப்புக் கட்டம் போட்ட நீண்ட அங்கி. பெயர் அழிக்கப்பட்ட தகரப் பெட்டி. நேர்மையான மனிதனுக்கு வாய்க்க முடியாத ஒரு முகம். அறிவுக்கு இடமில்லாத குறுகிய நெற்றி. காவலில் இருந்தபோது ஏதோ ஓர் அறுவடைப் பாட்டை ஓயாமல் முனகினான். காவலர்கள் இருவர் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டனர்.’

திரு. பூகே தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தபால் ஆபீசில் இருந்த எல்லோரும் என் தோளைப் பார்த்தார்கள். நான் தோளை நேராக்கினேன். அப்போது மற்றத் தோள் தாழ்ந்துவிட்டது.

நம் நிருபர் என்று போட்டிருக்கிறீர்களே, அது யார்? நீங்களும் ஒரு கத்தரிக்கோலும்தானே உங்கள் பத்திரிகை ஆபீஸ் மொத்தமும்? டென்மார்க்குத் தந்தியில் மீசையும் அங்கியும் வந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த நெற்றி எந்தத் தந்தியில் வந்தது? இருபத்திரண்டு வருடமாக அந்த நெற்றிக்கு எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டவர் நீங்கள். அந்த அங்கியை எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நீங்கள்தான். எழுதும்போது ஒரு கணம்கூட, ‘அட, இது நம்ம ஆம்புரோஸ் மாதிரி இருக்கே’ என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? கோபம்கூட இல்லை, எனக்கு வருத்தம்தான்.

சரி, காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதிகாரி குல்பிரான்ட் ரொம்ப நல்ல மனிதர். இந்த அறையில் இத்தனை வருடம் உருளைக்கிழங்குதான் வைத்திருந்தாராம், முதல் கைதி நான் என்பதால் என்மேல் ஒரு பிரியமே வைத்திருக்கிறார். கேள்வியெல்லாம் அவர் கேட்டார், திரு. பூகே மொழிபெயர்த்தார்.

“செப்டம்பர் கடைசி சனிக்கிழமை ராத்திரி, லண்டன்ல ரெண்டு பேரு செத்த அன்னிக்கு, நீங்க எங்க இருந்தீங்கன்னு கேக்குறாரு.”

எனக்கு மூச்சு வந்தது. “லண்டன் இருக்கிற திசைக்கே நான் போகலீங்க. எங்க ஊர்ச் சபையில அறுவடை விருந்து. அங்க நான் பாடினேன். ஊரே பாத்துச்சு. பத்திரிகையிலயே வந்திருக்கு.”

“எந்தப் பத்திரிகையில?”

“இதோ, நீங்க கையில வெச்சிருக்கீங்களே, இதே பத்திரிகையிலதான்!”

திரு. பூகேவுக்கு நிஜமாகவே சந்தோஷம். நம் நாட்டுக்காரனைக் காப்பாற்ற வழி கிடைத்ததே என்று தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவர் முகம் மாறியது. மெதுவாக வாசித்தார்: ‘திருத்தம். சபை அறுவடை விருந்தில் திரு. ஆ. விக்கட் பாடியதாக அக்டோபர் 4 இதழில் வெளியான செய்தி தவறு. தாம் அன்று பாடவில்லை என்று திரு. விக்கட் வன்மையாகத் தெரிவித்துக்கொள்கிறார்.’

முன்பக்கத்தில் என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டு, பின்பக்கத்தில் என் சாட்சியையும் அழித்துவிட்டீர்கள். ஒரே தாள்! அதுவும் என் பெண்டாட்டி கேக்கைச் சுற்றிய தாள்!

“வன்மையாத் தெரிவிச்சிருக்கீங்களே ஐயா?” என்றார் திரு. பூகே, பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது நிதானமாகக் கேளுங்கள். அந்த அறுவடை விருந்தைப் பற்றி நீங்கள் எழுதியது உங்களுக்கே நினைவிருக்கும். ‘அடுத்துத் திரு. விக்கட் பாடினார். இரண்டாம் சரணத்தில் கூட்டம் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ எழுந்தது. மூன்றாம் சரணத்தில் ஆர்மோனியம் வாசித்தவரும் அவர்களுக்கு உதவப் போனார்.’ இதைப் படித்துவிட்டு நான் உங்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினேன், வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அன்று ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அந்தக் கடிதத்தில் நான் எழுதியது என்ன? ‘நான் அப்படிப் பாடவில்லை.’ அப்படி! அப்படிப் பாடவில்லை! அந்த ‘அப்படி’ எங்கே, மச்சான்? இஞ்சிச் சாறு விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று வெட்டினீர்களா? வெட்டுவதற்கு அந்தப் பக்கத்தில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா? ‘வன்மையாக’ என்பதை வெட்டியிருக்கலாமே, அதை நான் எழுதவேயில்லையே!

இதையெல்லாம் தந்தியில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொற்களைக் குறைத்துத்தானே நாம் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம். அதனால்தான் விலாவாரியாகக் கடிதம்.

இனி நடக்க வேண்டியது இதுதான். பன்னிரண்டாம் தேதி தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். வந்தால் என்னை அங்கே கொண்டுபோய்விடுவார்கள், விசாரணை முடிய வசந்த காலம் ஆகிவிடும். கெசையாவின் கல்யாணம் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை. என் ஒரே பெண். நான் வராவிட்டால் அவள் கையைப் பிடித்துப் பலிபீடம் வரை நடத்திப் போகப்போகிறவர் யார்? நீங்கள்! எனக்கு உருளைக்கிழங்கு வாசனையில் உட்கார்ந்து இதைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை. சில சமயம், நீங்கள் அந்த ‘அப்படி’யை வேண்டுமென்றேதான் வெட்டினீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது. உடனே, ச்சே, இந்த மனிதருக்கு அவ்வளவு திட்டம் போடத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும், அடுத்து வரும் இதழில், முதல் பக்கத்தில், கீழ்க்கண்டவாறு ஒரு திருத்தம் போட்டு, போதகரிடம் கையெழுத்து வாங்கி, உடனே துணைத் தூதருக்குத் தந்தியும் கொடுங்கள்: ‘திருத்தத்துக்குத் திருத்தம். அறுவடை விருந்தில் திரு. விக்கட் பாடினார். அப்படியேதான் பாடினார். கூட்டம் எழுந்து போனதும் உண்மை. ஆர்மோனியக்காரர் போனதும் உண்மை.’ ஆமாம், மச்சான். நான் எழுதித் தருகிறேன். உங்கள் விமர்சனம் எழுத்துக்கு எழுத்து சரி. எனக்குக் குரல் கிடையாது, தாளம் கிடையாது, அந்த மேடையில் ஏறியதே தப்பு. இனி என் ஆயுளில் குளிக்கும்போதுகூடப் பாட மாட்டேன். கல்யாணத்தில் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேனே, அதையும் விட்டுவிட்டேன் என்று டோர்காஸிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். என்னை என் பெண்ணின் கல்யாணத்துக்கு வரவிடுங்கள், அது போதும். பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன்.

டோர்காஸிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நேற்று அதிகாரியின் மனைவி எனக்கு மீன் சூப்பு கொண்டுவந்தார். பெட்டியில் என்ன என்று பயந்து பயந்து கேட்டார். கம்பி வழியாகக் காட்டினேன். வீட்டுக்குப் போய்த் தன் கணவரின் பழைய சீருடைக் கோட்டை எடுத்துவந்தார். ஐந்து நிமிடத்தில் கோட்டின் கை இரண்டையும் துணியில் ஒரு நூல்கூடச் சேதமாகாமல் பிரித்துக் கொடுத்தேன். “அட, எவ்ளோ சுத்தமா கிழிக்கிறாரு இந்த மனுஷன்!” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இன்று காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசை. கையில் ஆளுக்கு ஒரு பழந்துணி. கொலைகாரன் என்று ஒருத்தியும் பயப்படவில்லை. இந்தப் பயணம் முழுக்க எனக்கு வியாபாரம் நடந்த ஒரே இடம் இந்தச் சிறைதான். நான் ஒன்றையும் கிழிக்கவில்லை என்று இனி அவள் சொல்லக் கூடாது.

சபையாருக்கும், போதகருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லவும். கெசையாவுக்கு என் ஆசீர்வாதம். அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பயப்படுவாள். அப்பா வியாபார விஷயமாகக் கொஞ்சம் தங்கிவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கும் உங்கள் கத்தரிக்கோலுக்கும் கடவுள் நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் அமெரிக்க மருத்துவரும், முன்னாள் போர்த்துக்கீசிய மாலுமியும், இந்நாள் வரை உங்கள் மைத்துனருமான
ஆம்புரோஸ் விக்கட்

பி.கு. (புதன்கிழமை): கடிதம் போகிற கப்பல் நாளைக்குத்தான். அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இன்று காலை திரு. பூகே கையில் ஒரு தந்தியோடு ஓடிவந்தார். உங்களிடமிருந்து அல்ல. கெசையாவிடமிருந்து. சபை வாசிப்பறையில் உங்கள் பத்திரிகையைப் படித்தாளாம். நெற்றி, முகம் எல்லாம் யாரோ ஒருவனுடையது என்று தாண்டிப் போயிருக்கிறாள். அந்த அறுவடைப் பாட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டாளாம். பார்சல் எந்த ஊருக்குப் போனது என்று அம்மாவிடம் கேட்டு, நேராக இந்த ஊர்த் தூதருக்கே அடித்துவிட்டாள். ஒரு சொல்லையும் மிச்சம் பிடிக்காமல் அடித்திருக்கிறாள்: ‘எங்க ஊர்ப் பத்திரிகையில போட்டிருக்கிற ஆள் என் அப்பா. அங்க வந்தா விட்டுடுங்க. அன்னிக்கு அவர் பாடினார். அஞ்சு சரணம். எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. நான் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டேன். அப்பா, கல்யாணத்துல நீங்க பாடணும். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.’

அதிகாரி குல்பிரான்ட் இதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “அஞ்சு சரணமும் இந்தப் பொண்ணு உக்காந்து கேட்டுச்சாமே? அப்படின்னா அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடச் சொல்லுங்க” என்றார். பாடினேன், மச்சான். முதல் சரணத்தில் அவர் மனைவி எழுந்து ஜன்னலையெல்லாம் சாத்தினார், குளிர் அப்படி. இரண்டாவது சரணம் முடிவதற்குள் அதிகாரியே சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். “போதும் ஐயா, போதும்! நம்பிட்டோம்!” என்றார். அவர் கண்ணில் நீர் நிற்பதை நானே பார்த்தேன்.

ஆகையால் மேலே நான் எழுதிக் கொடுத்த எதையும் நம்ப வேண்டாம், அச்சிடவும் வேண்டாம். உங்கள் விமர்சனம் பொய். நான் அப்படிப் பாடவில்லை. நாளைக் கப்பலில் இந்தக் கடிதத்தோடு நானும் வருகிறேன். அதற்குப் பதிலாக இதைப் போடுங்கள்: ‘கெசையா விக்கட்டின் திருமணத்தில் மணமகளின் தந்தை பாடுவார். ஐந்து சரணம். கோப்பை கழுவ விரும்புகிறவர்கள் முன்னதாகவே எழுந்து போய்விடலாம். ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவருக்குப் போதும்.’

இதில் ஒரு சொல்கூட வெட்டாதீர்கள்.